குளக்கட்டிலிருந்து தொடங்குங்கள்: வன்னிக் கிராமமொன்றின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் வரலாறு என்றதும் பலர் ஆங்கிலேயரை எதிர்த்த மன்னன் பண்டாரவன்னியனில் தொடங்கி, 1803 ஒக்டோபர் 31 என்ற திகதியைத் தாங்கிய கற்சிலைமடு நினைவுக்கல்லோடு முடித்துவிடுகிறார்கள். ஊருக்கென ஒரு வரலாற்றுக் கழகம் அமைப்பவர்கள் தமது குளத்தின் துருசடியிலிருந்து (மதகடியிலிருந்து) தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இங்கே ஊர் அமைந்ததும், காடாகிக் கைவிடப்பட்டதும், மறுபடி குடியேறியதும் பெரும்பாலும் குளத்தை ஒட்டியே நடந்திருக்கின்றன.

கழகத்துக்குக் கட்டடமோ நீண்ட யாப்போ தேவையில்லை. சனசமூக நிலையத்தில் பூட்டக்கூடிய ஓர் அலுமாரியும், கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த ஒருவரை உள்ளடக்கிய ஐந்தாறு பேரும் போதும்.

முதல் வேலை இடப்பெயர்களைத் திரட்டுவது. வட்டவிதானையாராக (வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளராக) இருந்த முதியவர் ஒருவரோடு குளக்கட்டில் நடந்து, அலைகரை, வாய்க்கால், வயல்வெளி, மடு, மோட்டை போன்ற சிறு நீர்நிலைகள் என ஒவ்வொன்றின் பெயரையும் அவர் உச்சரிக்கும் விதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘முறிப்பு’ என்று முடியும் பெயர் முன்பு கட்டு உடைந்த குளமொன்றைச் சுட்டக்கூடும். இரணைமடு என்ற பெயருக்குள் இரட்டை மடு இருக்கிறது. பிறகு ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் பழைய நிலஅளவை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஆங்கில எழுத்தில் சிதைந்துபோன பெயர்களை அப்போதுதான் இனங்காண முடியும்.

ஆவணம் தேடுமுன் உங்கள் ஊர் எந்தப் பற்றுக்குள் (பழைய நிர்வாகப் பிரிவுக்குள்) இருந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று போன்ற பிரிவுகளின் பெயரிலேயே பழைய குறிப்புகள் உள்ளன. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலும் அவ்வாறே பேசுகிறது. அது பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரி ஒருவரின் பார்வை என்பதை மறக்காமல் படியுங்கள். கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே, அதற்கு முந்திய காணிக் கோவைகளை யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாகத் தேட வேண்டியிருக்கும். பழைய சஞ்சிகைகளையும் கோயில் மலர்களையும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பார்க்கலாம்.

ஆனால் 2009 வரையிலான போர்க்கால இடப்பெயர்வுகளில் வீட்டுக் கடதாசிகள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், வாய்மொழிப் பதிவே இங்கு முதுகெலும்பு. “எந்த ஆண்டு?” என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. “1957 வெள்ளத்துக்கு முந்தியா? 1964 புயலின்போது பிள்ளை பிறந்துவிட்டதா?” என்று கேட்டால் கணக்குத் தானாக வந்துவிடும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுக்கப் போனவர்கள் யார், மடைப்பண்டம் (படையல் பொருள்கள்) தூக்கியவர்கள் யார் என்று விசாரித்தால் குடும்ப உரித்துகளின் வரிசையே வெளிவரும். 1977 இனக்கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்தவர்களையும், அரசின் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றவர்களையும் ‘வந்தவர்கள்’ என்று ஒதுக்கிவிட்டு எழுதப்படும் ஊர் வரலாறு அரைகுறையானது. ஆண்கள் குளத்தையும் வழக்கையும் சொல்வார்கள். நெல் அவித்த கிடாரம் எந்த இடப்பெயர்வில் எந்த மரத்தடியில் விடப்பட்டது என்பதைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒருமுறை ஓர் அம்மா, புத்தகப்பையின் அடித்துணிக்குள் பொலித்தீன் சுற்றித் தைத்து வைத்திருந்த காணி அனுமதிப்பத்திரத்தை, தையலைப் பிரித்து எங்கள் முன் விரித்தார். மடிப்பு நான்கிலும் கடதாசி இற்றிருந்தது. இத்தகைய பத்திரத்தை லமினேற் செய்யவோ ஒட்டுநாடாவால் ஒட்டவோ கூடாது. வெயில் நேரே படாத விறாந்தையில், தட்டையான வெள்ளைத் துணிமேல் வைத்து, நேர்மேலிருந்து இரு பக்கமும் படமெடுங்கள். புகைப்படங்களின் பின்புறம் குமிழ்முனைப் பேனாவால் எழுத வேண்டாம். தொடக்கத்தில் நாங்கள் அப்படி எழுதிய ஒரு திருமணப் படத்தில், மணமகளின் கன்னத்தில் எழுத்தின் தடம் புடைத்துத் தெரிகிறது. மென்மையான பென்சிலே போதும்.

மூலத்தை அன்றைக்கே உரியவரின் கையில் திருப்பிக் கொடுங்கள். பிரதிகளில் ஒன்று அலுமாரியிலும், மற்றொன்று வேறு மாவட்டத்தில் வசிக்கும் நம்பிக்கையான ஒருவரிடமும் இருக்கட்டும். வெளியிடும் பிரதியில் அடையாள அட்டை இலக்கத்தையும் காணித் துண்டு இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். எல்லை வழக்கு நடக்கும் காணியானால், அது முடியும்வரை அப்பத்திரத்தை வெளியிடவே வேண்டாம்.