எண்ணூருக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போகிறவர்களுக்கு

நவம்பர், டிசம்பர் மாதங்களில் அரசு அலுவலக வேலையை வைத்துக்கொண்டு எண்ணூருக்குப் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் எனக்கு மூன்று வாரம் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைக்கும் என்பதால், அம்மா இறந்து நான்கு மாதம் கழித்து, 2023 டிசம்பர் 9 அன்று மெல்பர்னிலிருந்து போய் இறங்கினேன். மிக்ஜாம் புயல் கடந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. வீட்டில் என் பங்கைத் தங்கைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு முதலில், இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்று வட்டாட்சியர் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். மூன்று வாரத்தில் இரண்டும் முடிந்துவிடும் என்று நம்பிப் போன நான், ஒன்றுமே முடிக்காமல் திரும்பினேன். என்னைப் போல் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரின் அமைப்பு தெரியாமல் அங்கே நடக்கும் எதுவும் புரியாது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிவெளியும், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் என மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த மெல்லிய நிலத்துண்டு அது. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் அந்த ஆற்றின் குறுக்கேதான் பூண்டி ஏரி கட்டப்பட்டிருக்கிறது. அங்கே மதகு திறந்தால் உபரிநீர் எங்கள் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து கடலோடு வரும் மணல் மெரினாப் பக்கம் தங்கிவிட, வடக்கே உள்ள கரை அரிபட்டுக்கொண்டே வந்தது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கொட்டியிருக்கும் பாறைகளும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளும் அதனால் வந்தவை. உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் நான்கெல்லையில் ஒன்றாக 'மணல்வெளி' என்று எழுதியிருந்தால், அந்த மணல்வெளியை இன்று யாரும் உங்களுக்குக் காட்ட முடியாது.

போய்ச் சேருவது முன்பைவிட எளிதாகிவிட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து விமான நிலையத்தில் ஏறினால் விம்கோ நகர் வரை மெட்ரோவிலேயே வந்துவிடலாம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் கத்திவாக்கம், எண்ணூர் இரண்டு நிலையங்களிலும் நிற்கும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் கடற்கரைச் சாலையில் வாடகைக் காரை நம்பி, அலுவலகத்துக்குக் குறித்த நேரத்தில் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம்.

இனி காகிதங்களுக்கு வருகிறேன். எங்கள் ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் விலாசம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அப்பா 1984-இல் வாங்கிய மனையின் பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கிறது. 1997-க்குப் பிறகு வந்த தாள்களில் திருவள்ளூர் மாவட்டம். வீட்டு வரி ரசீதுகள், எண்ணூரை உள்ளடக்கியிருந்த கத்திவாக்கம் நகராட்சியின் பெயரில் உள்ளன. 2011-இல் அந்த நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து, திருவொற்றியூர் மண்டலம் என்னும் முதல் மண்டலத்துக்குள் போய்விட்டது. ஆனாலும் 2018 வரை வருவாய்த் துறைக் கணக்கில் நாங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களாகவே இருந்தோம். அதாவது ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் எங்கள் வீட்டுக் குப்பையைச் சென்னை அள்ளியது, நிலக் கணக்கைத் திருவள்ளூர் வைத்திருந்தது. எந்தத் தாள் எந்த ஆண்டுக்கு உரியது, அப்போது ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதி, மனுவோடு வைத்துக் கொடுங்கள். 'இது வேறு மாவட்டத்துப் பத்திரமாக இருக்கிறதே' என்று முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நான், நான்காம் நாள்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தக் கேள்வி எழவே இல்லை.

முன்னெழுத்தையும் பாருங்கள். மணமாவதற்கு முந்தைய தாள்களில் அம்மாவுக்கு அவருடைய அப்பாவின் முன்னெழுத்து, பிந்தையவற்றில் என் அப்பாவின் முன்னெழுத்து. என்னுடைய ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டில் முன்னெழுத்து விரிந்து குடும்பப் பெயராகிவிட்டது. இவை எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் கூட்டம் தாங்கவில்லை. வெள்ள நிவாரணமாக 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாகக் கொடுக்கப்பட்ட நேரம் அது. ஊழியர்களில் பாதிப் பேர் அந்த வேலைக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடுப்பளவு நீரில் சாமான்களை இழந்து வரிசையில் நின்ற பெண்களுக்கு முன்னால், சூட்கேஸோடு வந்தவனின் வாரிசுச் சான்றிதழ் அவசர வேலையாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆறு முறை போனேன். ஐந்தாம் முறை என் மனுவை எடுத்துப் பார்த்தவர் நிமிர்ந்து கேட்டார்:

"சார், நீங்க இந்த அம்மாவோட மகன்தான்னு எதை வெச்சு எழுதறது? குடும்ப அட்டையில உங்க பேரே இல்லையே."

இல்லைதான். நான் வெளிநாட்டுக்குப் போன மறு ஆண்டு அம்மாவே எழுதிக் கொடுத்து என் பெயரை நீக்கியிருந்தார். ஊரில் இல்லாதவன் பெயரில் அரிசி வாங்கக் கூடாது என்று அவர் அப்போது தொலைபேசியில் சொன்னது நினைவுக்கு வந்தது. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருந்தேன்.

குடியுரிமை மாறியவர்கள் இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் பழைய இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தாய், தந்தை பெயர்கள் இருக்கும். ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டில் அவை கிடையாது. குடியுரிமை மாறும்போது ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தரும் பழைய இந்தியக் கடவுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வீட்டில் பூட்டி வைத்துவிட்டும் போகாதீர்கள். அதையும், பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலையும் கையோடு கொண்டு போங்கள். என்னுடையவை மெல்பர்னில் ஓர் அலமாரியில் இருந்தன. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் காட்டினேன். அசலைப் பார்க்காமல் கையெழுத்திட முடியாது என்றார்கள். எங்களைத் தெரிந்த அக்கம்பக்கத்தார் இருவர் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் விசாரணை அறிக்கையில் சேர்ப்பதாகச் சொன்னதே பெரிய உதவி.

அந்த இருவரைத் தேடியபோதுதான் ஊரில் யார் மீதம் என்பதை உணர்ந்தேன். 2011 கணக்கெடுப்பில் கத்திவாக்கத்தின் மக்கள்தொகை 36,000-த்தைத் தாண்டியிருந்தது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், நாங்கள் சொல்லிக்கொள்ள இன்றும் அந்த எண்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் அங்கே இல்லை. அப்பா வேலை பார்த்த 450 மெகாவாட் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதை நம்பி இருந்த எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடு ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் போய்விட்டார்கள். எதிர் வீட்டில் இப்போது வடமாநிலத்து இளைஞர்கள் எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், அம்மாவை அவர்களுக்குத் தெரியும், என்னைத் தெரியாது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், பெரியகுப்பம், சின்னக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என மீனவக் குப்பங்களில் வாழ்பவர்கள்தான் இடம்பெயராமல் இருக்கிறார்கள்.

ஒரு சாட்சி அப்பாவின் பழைய நண்பர். இன்னொருவர் எங்கள் வீட்டு வாசலில் நாற்பது ஆண்டாக மீன் கொடுத்த அம்மாள். அவரைப் பார்க்கக் கழிவெளி ஓரம் போனபோது, வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் நீரின் மேல் தடித்த ஏடாகக் கிடந்தது. கரையேற்றிய படகுகளின் பக்கப்பலகையில் கருப்புக் கோடு. அலையாத்திச் செடிகளில் நீர் ஏறிய உயரம் வரை இலைகள் கருத்திருந்தன. நான் சிறுவனாக இருந்தபோது அந்த நீரில் பெண்கள் குனிந்து, பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அன்று ஆண்கள் அதே இடத்தில் நின்று வாளியால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் விஷயத்தைச் சொல்லத் தயங்கினேன். அவர் தயங்கவில்லை.

"உங்கம்மா கையால எத்தினி வாட்டி மோர் வாங்கிக் குடிச்சிருக்கேன். இதுக்கு இன்னா கண்ணு கேள்வி? வா, போலாம்."

வலை கழுவிக்கொண்டிருந்த கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் துடைத்தார். ஆயினும் அலுவலகத்தில் மை தொடுவதற்கு முன்பே, தாளைப் பிடித்த இடத்தில் அவருடைய பெருவிரல் ரேகை பழுப்பாகப் பதிந்துவிட்டது. வேறு தாளில் எழுதித் தரச் சொல்வார்களோ என்று பயந்தேன். அந்த அலுவலர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு நாள் கூலியை விட்டு வந்தவருக்கு நான் பணம் நீட்டியதையும், அவர் அதை வாங்க மறுத்ததையும் சொல்லாமல் விட முடியவில்லை. சாட்சிக்கு வருகிறவர்களுக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் பிறகு, வீட்டுக்குப் போய், பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

26-ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுனாமி வந்து பத்தொன்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. நாங்களும் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு விடியும்வரை தெருவில் நின்றோம். 30-ஆம் தேதி எனக்கு விமானம். தங்கையை அங்கே விட்டுவிட்டு ஏறினேன்.

வாரிசுச் சான்றிதழுக்கும் பத்திரப் பதிவுக்கும் ஒரே பயணத்தில் நாள் குறிக்காதீர்கள். முதல் வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்குங்கள். பதிவுக்கு நேரில் வர முடியாதென்றால், நீங்கள் வாழும் ஊரின் இந்தியத் துணைத் தூதரகத்தில், உங்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய அலுவலகத்தில் காட்டி முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். நான் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன்.

சான்றிதழ் மார்ச் மாதம் வந்தது. அம்மாவின் விலாசம் சென்னை மாவட்டம், 600057 என்றும், தங்கையின் பெயருக்குக் கீழே என் பெயரும், உறவுமுறை என்ற கட்டத்தில் மகன் என்றும் இருந்தன. மீன்கார அம்மாளிடம் அதைக் காட்டச் சொன்னேன். கழிவெளியில் இன்னும் இறால் இல்லை என்றும், அவர் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து விற்கிறார் என்றும் தங்கை பதில் எழுதினாள்.