கடனட்டையை வெட்டி எறிந்தால் கடன் முடிந்துவிடாது

உப்புவெளியில் என் மச்சானுக்கு நான்கு அறைகள் கொண்ட சின்ன விடுதி ஒன்று இருக்கிறது. சித்திரை தொடங்கி புரட்டாதி வரை ஆட்கள் வருவார்கள். அப்புறம் மாரி இறங்கியதும் கடற்கரை வெறிச்சோடிவிடும். அந்த மாதங்களில் கரண்ட் பில், பிள்ளைகளின் டியூஷன், கடைச் சாமான் எல்லாம் கடனட்டையில்தான் ஓடும். சீசன் வந்ததும் மொத்தமாக அடைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. திருகோணமலையில் சுற்றுலாவையோ கடலையோ நம்பி இருக்கும் பல வீடுகளில் இதே கணக்குத்தான்.

ஓர் ஆவணி மாதம் அவர் ஸ்டேட்மென்டில் இருந்த 140,000 ரூபாயை அப்படியே கொண்டுபோய்க் கட்டினார். வீட்டுக்கு வந்து அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி எறிந்தார். ஏழு மாதம் கழித்து ஓட்டோ ஒன்றுக்கு லீசிங் கேட்டபோது, நிலுவை இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். மனுசன் கொதித்துப் போனார். அன்றிரவு இருவரும் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தோம். 140,000 என்பது ஸ்டேட்மென்ட் அடித்த நாளின் கணக்கு. அவர் கட்டியது 19 நாள் கழித்து. பழைய நிலுவைக்கு வட்டி நாள்கணக்கில் ஏறும். வருடத்துக்கு 26 சதவீதம் என்றால் அந்த 19 நாளுக்கு மட்டும் ஏறத்தாழ 1,900 ரூபாய். அதைக் கட்டாததால் தாமதக் கட்டணம், வருடக் கட்டணம், அவற்றின் மேல் வட்டி. தொலைபேசி இலக்கத்தை மாற்றியிருந்ததால் குறுஞ்செய்தியும் வரவில்லை. கடைசியில் பதினாயிரத்தைத் தாண்டியிருந்தது.

நான் பார்த்ததில் ஆட்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். அட்டையை வெட்டினால் கணக்கு மூடப்படாது. ஸ்டேட்மென்டில் உள்ள தொகையும் கணக்கை மூடுவதற்கான தொகையும் ஒன்றல்ல. “இன்ன திகதியில் மூடுவதென்றால் எவ்வளவு?” என்று வங்கியிடம் கேட்டு, அந்தத் திகதிக்குள் கட்டி, கணக்கை மூடச் சொல்லி எழுத்தில் கொடுக்க வேண்டும். மனைவி பெயரில் துணை அட்டை இருந்தால் அதையும் சேர்த்து நிறுத்துங்கள். அதில் செலவாகும் பணத்துக்கும் முதன்மை அட்டைக்காரர்தான் பொறுப்பு. காப்புறுதி, போன் பில் என்று மாதாமாதம் தானாகக் கழிபவற்றையும் முதலில் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

“மினிமம் கட்டிக்கொண்டுதானே வருகிறேன்” என்பது அடுத்த சறுக்கல். மினிமம் என்றால் மாதம் கட்டியே ஆக வேண்டிய மிகக் குறைந்த தொகை. 200,000 ரூபாய் நிலுவை, 5 சதவீத மினிமம் என்றால் மாதம் 10,000 கட்டுவீர்கள். 26 சதவீத வட்டியில் 4,300 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விடும். கடன் குறைவது 5,700க்கும் கீழே. இதற்கிடையில் 6,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் அந்த மாதம் கடன் ஒரு ரூபாயும் குறையவில்லை. வட்டியும் ஒரே இடத்தில் நிற்காது. 2020இல் மத்திய வங்கி 18 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. 2022இல் அந்த வரம்பு நீக்கப்பட்டபின் 36 சதவீதம் வரை போனது. பழைய வட்டியை மனதில் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் அப்போது எப்படித் திணறினார்கள் என்று பார்த்தேன். அட்டையில் காசு எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி. வட்டியில்லாத நாட்கள் அதற்குக் கிடையாது.

இனி, பயம். கட்ட முடியாமல் போனவர்களுக்கு இரவில் நித்திரை வராது. பொலிஸ் வரும், வீட்டை ஏலம் விடுவார்கள் என்று நினைத்து போனை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். கடனட்டை நிலுவை குடியியல் விடயம். கையில் காசில்லாமல் போனதற்காகப் பொலிஸ் வந்து பிடித்துக்கொண்டு போவதில்லை. ஈடு வைக்காத வீட்டை வங்கி தானாக ஏலத்தில் போடவும் முடியாது. ஆனால் வழக்குப் போட முடியும். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடனுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழி இருக்கிறது. அங்கே உங்கள் பக்கத்தைச் சொல்லவே நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். நீதிமன்றக் கடிதம் வந்தும் பேசாமல் இருந்தால் கட்டளை உங்களுக்கு எதிராக உறுதியாகிவிடும். கடிதம் வந்த அன்றே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அறவிட வருபவர் நெருக்குகிறார் என்பதற்காகக் கணக்கில் காசில்லாமல் பின்திகதியிட்ட காசோலை எழுதிக் கொடுக்காதீர்கள். காசில்லை என்று தெரிந்தே கொடுத்த காசோலை திரும்பினால் அதே சட்டத்தின்கீழ் அது குற்றமாகலாம். குடியியல் விடயமாக இருந்ததை நீங்களே குற்றவியல் விடயமாக்கிவிடுவீர்கள்.

“ஆறு வருடம் போனால் கடன் செத்துவிடும்” என்று டீக்கடையில் சொல்வார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட ஆறு வருடக் காலவரையறை இருப்பது உண்மை. ஆனால் இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ கடனை ஏற்றுக் கடிதம் கொடுத்தாலோ அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். வராத கடன் என்று வங்கி ‘ரைட் ஓஃப்’ செய்வதும் மன்னிப்பு அல்ல. அது அவர்களுடைய புத்தகக் கணக்கு. உங்களிடம் கேட்கும் உரிமை அப்படியே இருக்கும்.

“இவ்வளவு கட்டுங்கள், மீதியை விட்டுவிடுகிறோம்” என்று போனில் யாராவது சொன்னால் சந்தோசப்படுங்கள், ஆனால் உடனே கட்டாதீர்கள். வங்கியின் கடிதத் தாளில் தொகை, கடைசித் திகதி, இதுவே முழுமையான இறுதித் தீர்வு என்ற வசனம் மூன்றும் இருக்க வேண்டும். காசை ஆளின் கையில் கொடுக்காமல் அட்டைக் கணக்கிலேயே போடுங்கள். முழுத் தொகையும் முடியாதென்றால் தவணையாக மாற்றித் தரும்படி நீங்களே முதலில் எழுதிக் கேளுங்கள். சீசனில் கூடுதலாகவும் மாரியில் குறைவாகவும் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். மச்சான் அப்படிக் கேட்கலாம் என்றே யோசித்திருக்கவில்லை.

கிறிப் (CRIB) என்ற கடன் தகவல் பணியகம் கறுப்புப் பட்டியல் அல்ல. கடன் எடுத்தது, கட்டியது, தவறியது எல்லாம் பதிவாகும் இடம், அவ்வளவுதான். கடன் தருவதா என்று முடிவெடுப்பது வங்கி. காசு கொடுத்தால் கிறிப்பில் பெயரை அழித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். பதிவு பிழையென்றால் அதை அனுப்பிய நிறுவனம்தான் திருத்த வேண்டும். தனியாரிடம் மீற்றர் வட்டி என்ற கடும் வட்டிக்கு எடுத்து அட்டைக் கடனை அடைப்பதைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

முறைப்பாடு இருந்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம். திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வங்கிகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம்.

மச்சான் மீதியைக் கட்டி, கணக்கு மூடிய கடிதத்தை வாங்கினார். சில வாரம் கழித்துத் தன் கிறிப் அறிக்கையை எடுத்து, நிலுவை பூச்சியம் என்று இருப்பதைப் பார்த்த பிறகுதான் லீசிங்குக்கு மறுபடி விண்ணப்பித்தார். அந்தக் கடிதம் இப்போது காணி உறுதியோடு ஒரே பையில் இருக்கிறது.