வேர்ட்பிரஸ் அட்மின் பேனலை வாடிக்கையாளருக்கு ஏற்ப அமைப்பது எப்படி

இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு தளத்தைக் கட்டி முடித்து ஒப்படைக்கும் நாளில், வாடிக்கையாளருக்கு எல்லா அதிகாரமும் கொண்ட அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிட்டு விடைபெறுவது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. பணம் கொடுத்துத் தளம் வாங்கியவரிடம் சாவிக்கொத்தை அப்படியே கொடுப்பதுதான் முறை என்று நாமும் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கடவுச்சொல் சில வாரங்களில் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்பவரிடமும், படங்களை ஏற்றுபவரிடமும், கணக்கு வழக்கு பார்ப்பவரிடமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நான் முன்பு ஒப்படைத்த ஒரு பள்ளித் தளத்தில், அலுவலகப் பணியாளர் ஒருவர் தொலைபேசி எண்ணை மாற்றுவதற்காக அமைப்புகள் பக்கத்திற்குள் நுழைந்து, அங்கிருந்த தள முகவரிப் பெட்டியில் ஏதோ திருத்திச் சேமித்துவிட்டார். தளமும் திறக்கவில்லை, தளத்தை நிர்வகிக்கும் அட்மின் பேனலும் திறக்கவில்லை. சர்வருக்குள் சென்று, தளத்தின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் பழைய முகவரியை எழுதிச் சரிசெய்வதற்குள், மாணவர் சேர்க்கை நடந்துகொண்டிருந்த வாரத்தில் அரை நாள் வீணாயிற்று. அந்தப் பெட்டி அவர் கண்ணில் பட்டிருக்கக் கூடாது. பட்டிருந்தாலும் அதைச் சேமிக்கும் அனுமதி அவருக்கு இருந்திருக்கக் கூடாது. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதை முதலில் செய்து முடித்த பிறகே முதலாவதில் கை வைக்க வேண்டும்.

ரோல் எங்கே இருக்கிறது, அனுமதி எங்கே இருக்கிறது

2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிற்கு முன்பு வேர்ட்பிரஸ் பயனர்களுக்கு 0 முதல் 10 வரை நிலை எண்கள் இருந்தன. எண் உயர உயர அதிகாரமும் கூடிக்கொண்டே போகும். 2.0 பதிப்பு அதை மாற்றி, ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி அனுமதியையும், அந்த அனுமதிகளைக் கட்டாகச் சேர்த்துப் பெயரிட்ட ரோல்களையும் கொண்டுவந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிப்யூட்டர், சப்ஸ்கிரைபர் என்ற ஐந்து ரோல்கள் இன்றும் அப்படியே தொடர்கின்றன. பல தளங்களை ஒன்றாக இயக்கும் மல்டிசைட்டில் மட்டும் சூப்பர் அட்மின் என்ற ஒன்று மேலே இருக்கிறது.

இந்த ரோல்கள் நிரலில் எழுதப்பட்டிருக்கவில்லை, தரவுத்தளத்தில் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ஒரே ஒரு வரியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதை அறியாததால் வருபவை. புதிய ரோலைச் சேர்க்கும் 'ஆட் ரோல்' ஃபங்ஷனை ஒருமுறை ஓட்டினால் போதும், ரோல் நிலைத்துவிடும். அதே பெயரில் ரோல் ஏற்கெனவே இருந்தால் அந்த ஃபங்ஷன் எதையும் மாற்றாமல் திரும்பிவிடும். அனுமதிகளின் பட்டியலை நிரலில் திருத்திவிட்டு, தளத்தில் ஏன் எதுவும் மாறவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். பழைய ரோலை நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் 'ஆட் கேப்' மூலம் விடுபட்ட அனுமதியை மட்டும் சேர்க்க வேண்டும்.

முதலில் தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் அமர்ந்து, யார் எந்த வேலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "எனக்கு எல்லாம் தெரிய வேண்டும்" என்றுதான் பெரும்பாலோர் தொடங்குவார்கள். கடந்த வாரம் தளத்தில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால், உண்மையான பட்டியல் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். அந்தப் பட்டியலே ரோலின் வரைபடம்.

பள்ளியை எடுத்துக்கொள்வோம். அலுவலகப் பணியாளர் சுற்றறிக்கைகளை எழுத வேண்டும், படங்களை ஏற்ற வேண்டும்; தலைமையாசிரியர் பார்த்த பிறகே அவை வெளியாக வேண்டும். கான்ட்ரிப்யூட்டர் ரோல் இதற்கு ஏறக்குறைய பொருந்துகிறது, ஆனால் அதில் கோப்புகளை ஏற்றும் அனுமதி இல்லை. எனவே 'ரீட்', 'எடிட் போஸ்ட்ஸ்', 'அப்லோட் ஃபைல்ஸ்' ஆகிய மூன்றை மட்டும் கொண்ட 'பள்ளி அலுவலகம்' என்ற புதிய ரோலை உருவாக்குவது நல்லது. இந்த ரோலில் உள்ளவர், தாம் எழுதிய சுற்றறிக்கை வெளியான பிறகு அதைத் தொட முடியாது. தேதி தவறாகிவிட்டால் தலைமையாசிரியர்தான் திருத்த வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அது அவர்களுக்கு ஏற்புடையதா என்று கேட்டுவிடுங்கள்.

சுற்றறிக்கைகளைச் செய்திப் பதிவுகளிலிருந்து பிரித்துத் தனி போஸ்ட் டைப் (பதிவு வகை) ஆக்கினால் அனுமதியையும் பிரிக்கலாம். அதைப் பதிவுசெய்யும்போது 'கேப்பபிலிட்டி டைப்' என்ற இடத்தில் தனிப் பெயர் கொடுத்து, ஒவ்வொரு பதிவையும் யார் தொடலாம் என்று பார்க்கும் 'மேப் மெட்டா கேப்' என்பதை இயக்கிவிடுங்கள். அப்படிச் செய்த மறுகணமே அந்த மெனு அட்மினிஸ்ட்ரேட்டரின் பார்வையிலிருந்தும் மறைந்துவிடும். புதிய பெயரில் பிறந்த அனுமதிகள் எந்த ரோலிடமும் இல்லாததே காரணம். அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் அவற்றைத் தனியே வழங்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் பிளகின் (கூடுதல் வசதி தரும் இணைப்பு மென்பொருள்) வூகாமர்ஸ்; அதில் இயங்கும் ஒரு ஜவுளிக் கடையின் தளம் வேறு வகை. அங்கே ஷாப் மேனேஜர் என்ற ரோலை வூகாமர்ஸே கொண்டுவருகிறது. பொருள், இருப்பு, ஆர்டர் ஆகியவற்றைப் பார்க்கும் மேலாளருக்கு அது போதும். ஆனால் அந்த ரோலின் வரலாற்றில் நாம் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஷாப் மேனேஜருக்குப் பயனர்களைத் திருத்தும் அனுமதி உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடக் கூடாது என்ற தடை பிளகினின் நிரலில் இருந்தது. அனுமதி தரவுத்தளத்தில் நிலையாக இருக்கிறது, தடையோ பிளகின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே இருக்கிறது. லாக் கோப்புகளை (நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் கோப்புகளை) நீக்கும் வசதியில் இருந்த பிழையின் வழியாக ஷாப் மேனேஜர் ஒருவர் பிளகினின் முதன்மைக் கோப்பையே அழித்துவிட முடியும் என்பது 2018இல் வெளிச்சத்திற்கு வந்தது. கோப்பு போனால் பிளகின் அணையும். அணைந்தால் தடை மறையும். அதன் பிறகு அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லையே அவரால் மாற்ற முடியும். 3.4.6 பதிப்பில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. பரந்த அனுமதியைக் கொடுத்துவிட்டு, ஃபில்டர் ஒன்றால் (வேர்ட்பிரஸின் முடிவை இடையில் மாற்றும் நிரலால்) அதைக் குறுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. முடிந்தவரை அனுமதியையே கொடுக்காமல் இருங்கள்.

மூன்றாவதாக, பலர் எழுதும் ஒரு மாத இதழ். ஆசிரியருக்கு எடிட்டர், எழுதுபவர்களுக்கு கான்ட்ரிப்யூட்டர் என்று அமைத்தால் வேலை முடிந்தது. இரண்டு செய்திகளை மட்டும் நினைவில் வையுங்கள். தனித் தளத்தில் எடிட்டருக்கு 'அன்ஃபில்டர்டு ஹெச்டிஎம்எல்' அனுமதி உண்டு, அதாவது அவர் ஒரு கட்டுரைக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஒட்டிவிட முடியும். தேவையில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். யூடியூப் காணொளிகளின் முகவரியை ஒட்டிச் சேர்ப்பது இதனால் பாதிக்கப்படாது. மற்றொன்று, எல்லாப் பக்கங்களையும் திருத்த முடிந்த எடிட்டரால் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தை மட்டும் திருத்த முடியாது. 2018இல் வந்த 4.9.6 பதிப்பிலிருந்து அது அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மட்டுமே உரியது. தளம் பழுதாகிவிட்டது என்று ஆசிரியர் தொலைபேசியில் அழைப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடலாம்.

இதழ்க்காரர்கள் மெனுவின் வரிசையை மாற்றும் வசதியையும் கேட்பார்கள். அதற்கு 'எடிட் தீம் ஆப்ஷன்ஸ்' தேவை. அதைக் கொடுத்தால் தளத்தின் தோற்றத்தை மாற்றும் விட்ஜெட், கஸ்டமைசர், பிளாக் தீமாக இருந்தால் சைட் எடிட்டர் வரை எல்லாம் திறந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் மாற்றத்திற்காக அவ்வளவு பெரிய கதவைத் திறக்க நான் ஒப்புவதில்லை. கேட்டால் நானே செய்து கொடுக்கிறேன்.

நிரலை எங்கே வைப்பது

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ரோல்களுக்கான இந்த நிரலை எழுதாதீர்கள். தீம் மாறும் நாளில் தடைகள் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். வேர்ட்பிரஸின் கான்டென்ட் ஃபோல்டருக்குள் 'எம்யூ பிளகின்ஸ்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் நேரடியாக ஒரு பிஹெச்பி கோப்பை வையுங்கள். அது தானாகவே ஓடும்; அட்மின் பேனலிலிருந்து யாராலும் அதை அணைக்க முடியாது. உள்ளே இன்னொரு ஃபோல்டரில் வைத்தால் வேர்ட்பிரஸ் அதைப் படிக்காது. மேலும், இவ்வகைப் பிளகின்களுக்கு, பிளகினை இயக்கும் கணத்தில் ஓடும் ஆக்டிவேஷன் ஹூக் வேலை செய்யாது. எனவே ரோல்களின் பதிப்பு எண் ஒன்றை ஆப்ஷனாகச் சேமித்துவைத்து, கோப்பில் உள்ள எண் அதைவிட உயர்ந்திருந்தால் மட்டும் ரோல்களை மீண்டும் எழுதும்படி அமைக்க வேண்டும்.

பல வாடிக்கையாளர்களுக்கு இதைச் செய்பவர் என்றால், எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்பையும் வாடிக்கையாளருக்கு ஒன்று வீதம் ஒரு சிறு அமைப்புக் கோப்பையும் வைத்து, இரண்டையும், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் (Git) பேணுங்கள். எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே மல்டிசைட்டில் போட்டுவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஒரே உரிமையாளரின் பல கிளைகளுக்கு அது மிகவும் பொருத்தம். ஒருவரையொருவர் அறியாத வாடிக்கையாளர்களுக்கு அது பொருந்தாது: பயனர் அட்டவணை எல்லோருக்கும் ஒன்றே, ஒரு பிளகின் உடைந்தால் எல்லோருடைய தளமும் உடையும், ஒருவர் பிரிந்து போக விரும்பினால் அவரது தளத்தைப் பெயர்த்தெடுப்பதும் கடினம்.

நிரல் எழுதத் தயங்குபவர்கள் மெம்பர்ஸ், யூசர் ரோல் எடிட்டர் ஆகிய பிளகின்களில் ஒன்றைக் கொண்டு ரோல்களைக் கண்ணால் பார்த்தே அமைக்கலாம். கான்ஃபிக் கோப்பில் 'டிஸ்அலவ் ஃபைல் எடிட்' என்பதை மட்டும் எல்லாத் தளங்களிலும் இயக்கிவிடுங்கள்; அட்மின் பேனலிலிருந்தே தீம், பிளகின் நிரலைத் திருத்தும் பெட்டி அதனால் நீங்கும். அதன் அண்ணனான 'டிஸ்அலவ் ஃபைல் மோட்ஸ்' புதுப்பித்தல்களையும் நிறுத்திவிடும் என்பதால், சர்வர் வழியாக நீங்களே தவறாமல் புதுப்பிப்பீர்கள் என்றால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

அதன் பிறகே அலங்காரம்

அனுமதிகள் சரியான பிறகு, மீதமுள்ள இடைஞ்சல்களை அகற்றலாம். 'அட்மின் மெனு' ஹூக்கில் (நம் நிரலை வேர்ட்பிரஸ் அழைக்கும் இடத்தில்) 'ரிமூவ் மெனு பேஜ்' ஃபங்ஷனை அழைத்தால் தேவையற்ற மெனு மறையும். மறையும், அவ்வளவுதான், அனுமதி உள்ளவர் முகவரியை நேரடியாகத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும், மற்ற மென்பொருள்கள் தளத்தோடு பேசும் ரெஸ்ட் ஏபிஐ வழியாகவும் அதே வேலையைச் செய்ய முடியும்.

டாஷ்போர்டில் வரும் வேர்ட்பிரஸ் செய்திகள் போன்ற பெட்டிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாடிக்கையாளரின் அன்றாட வேலைகளுக்கு நேரடி இணைப்புகள் தரும் ஒரு பெட்டியை வையுங்கள்: 'புதிய சுற்றறிக்கை எழுத', 'இன்றைய ஆர்டர்கள்', 'பார்வைக்கு வந்த கட்டுரைகள்' என்பது போல, அவர்கள் பேசும் சொற்களிலேயே. மொழியும் இதில் சேரும். 2016 இறுதியில் வந்த 4.7 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பயனரும் தம் அட்மின் பேனலின் மொழியைத் தாமே தேர்ந்துகொள்ள முடிகிறது. இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழித் தொகுப்புகள் உண்டு. தொகுப்பு தளத்தில் நிறுவப்பட்டிருந்தால்தான் பயனரின் விவரப் பக்கத்தில் அது தெரியும் என்பதால், பொது அமைப்புகளில் ஒருமுறை தமிழைத் தேர்ந்து சேமித்துவிட்டுப் பிறகு விரும்பிய மொழிக்குத் திரும்புங்கள். ஆங்கிலப் பலகத்தின் முன் தயங்கி உட்கார்ந்திருந்த பணியாளர், தமிழில் கண்டதும் தயக்கம் நீங்கி வேலை செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உள்நுழையும் பக்கத்தில் வாடிக்கையாளரின் சின்னத்தை வைப்பது பத்து நிமிட வேலை. அது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பிளகின்கள் கொண்டுவரும் பக்கங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். பல பிளகின்கள் தம் அமைப்புகளுக்கு, தளத்தின் அமைப்புகள் பக்கங்களையும் திறந்துவிடும் 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' அனுமதியைக் கேட்கும். ஒரே ஒரு பிளகினின் பக்கத்தைக் காட்டுவதற்காக அந்த அனுமதியை ரோலில் சேர்த்தால், என் பள்ளித் தளத்தில் நடந்ததற்கே திரும்பிவிடுவீர்கள். பிளகினின் ஆவணத்தில் அந்த அனுமதியை மாற்றும் ஃபில்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். மறுபக்கமும் உண்டு: தொடர்புப் படிவங்களுக்கான பிளகினான கான்டாக்ட் ஃபார்ம் 7, 'எடிட் போஸ்ட்ஸ்' அனுமதி உள்ளவர்களுக்கெல்லாம் படிவங்களின் பட்டியலை இயல்பாகவே காட்டும்.

உரிமையாளரின் சாவி

இத்தனையும் செய்துவிட்டு உரிமையாளரை அவர் தளத்திற்கு வெளியே நிறுத்திவிடக் கூடாது. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று அவர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அன்றாட வேலைக்கு அவருக்கே இரண்டாவதாக ஒரு எளிய கணக்கும் இருக்க வேண்டும். டொமைன், ஹோஸ்டிங் விவரங்களும் அவரிடமே இருக்கட்டும். வாடிக்கையாளரைப் பிடித்துவைப்பதற்காகச் சாவியை மறைப்பது பாதுகாப்பு ஆகாது.

சோதித்தல், பிறகு ஆள் மாறுதல்

ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு சோதனைக் கணக்கு வைத்து, யூசர் ஸ்விட்சிங் பிளகின் மூலம் அதற்குள் மாறி, வாடிக்கையாளர் செய்யப்போகும் ஒரு நாள் வேலையை முழுவதும் நீங்களே செய்து பாருங்கள். பிறகு அவர் செய்யக் கூடாதவற்றை முயலுங்கள்: அமைப்புகள், பயனர்கள், பிளகின்கள் ஆகிய பக்கங்களின் முகவரிகளை நேரடியாகத் தட்டுங்கள். அனுமதி இல்லை என்ற செய்தி ஒவ்வொன்றிலும் வர வேண்டும். பெரிய பிளகின்களைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இதை மீண்டும் செய்யுங்கள், ஏனெனில் அவை புதிய அனுமதிகளைச் சேர்ப்பதுண்டு.

பயனர்களைச் சேர்க்கும் பொறுப்பை வாடிக்கையாளரின் மேலாளரிடம் கொடுப்பதாக இருந்தால், 'எடிட்டபிள் ரோல்ஸ்' ஃபில்டரால் அவர் தேர்ந்தெடுக்கக் கூடிய ரோல்களின் பட்டியலிலிருந்து அட்மினிஸ்ட்ரேட்டரை நீக்குங்கள்; 'மேப் மெட்டா கேப்' ஃபில்டரால் ஏற்கெனவே உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர்களின் கணக்கைத் தொட முடியாமலும் செய்யுங்கள். ஷாப் மேனேஜர் கதையை நினைத்துக்கொண்டு, இவ்விரண்டையும் எம்யூ பிளகினிலேயே எழுதுங்கள்.

வேலையை விட்டுச் செல்பவரின் கணக்கை நீக்கும்போது, அவர் எழுதியவற்றை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். அவசரத்தில் நீக்கும் தேர்வை அழுத்தினால் அவர் பெயரில் உள்ள சுற்றறிக்கைகள் அத்தனையும் அவரோடு போய்விடும்; வேறொருவர் பெயருக்கு மாற்றும் தேர்வைத்தான் எடுக்க வேண்டும். இதழ்த் தளங்களில் கட்டுரையின் கீழ் எழுதியவரின் பெயர் நிற்க வேண்டும் என்பதால், அங்கே கணக்கையே நீக்காதீர்கள்: ரோலை 'இந்தத் தளத்தில் ரோல் இல்லை' என்று மாற்றி, கடவுச்சொல்லைப் புதிதாக்கி, திறந்திருக்கும் அமர்வுகளையெல்லாம் வெளியேற்றி, பிற செயலிகளுக்காக உருவாக்கிய அப்ளிகேஷன் பாஸ்வேர்டுகள் ஏதும் இருந்தால் அவற்றையும் ரத்து செய்துவிடுங்கள்.