முத்திரை மெய், பாத்திரம் பொய்: ஸ்காட்லாந்து ஏலங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் ஏலத்துக்கு முன்பு பொருள்களைப் பார்வைக்கு வைக்கும் நாட்களில் போய் நின்றால், பழைய வெள்ளிச் சாமான்களையும் கலை மட்பாண்டங்களையும் ஓவியங்களையும் புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்கள், எங்கள் தலைமுறை செய்து முடித்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்துகொண்டிருப்பதைக் காணலாம். கைக்கு மீறிய விலை கேட்பது, போட்டி வேகத்தில் கையைத் தூக்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. முதல் பில் வந்ததும் அவை தாமாகவே புரிந்துவிடும். பல ஆண்டுகள் ஆனாலும் பிடிபடாத தவறுகள் சில உண்டு. அவற்றுக்காகவே இந்தக் கட்டுரை.

முத்திரையைப் படித்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்க்காமல் விடுவது

பிரிட்டிஷ் வெள்ளியின் முத்திரைகளைக் கற்பது கடினமே அல்ல. மூன்று கோபுரக் கோட்டை என்றால் எடின்பரோ; அதனுடன் முட்செடிப் பூ இருந்தால் 1759க்குப் பிந்தியது. மரம், பறவை, மீன், மணி ஆகியவை சேர்ந்து ஒரே சின்னமாக இருந்தால் கிளாஸ்கோ. அங்கே 1819 முதல் 1964 வரை, வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பரிசோதனைச் சாலை இயங்கியது. அரசர் அல்லது அரசியின் தலை பதிந்திருந்தால், 1784க்கும் 1890க்கும் இடையில் வரி கட்டப்பட்ட பொருள். ஆண்டைக் குறிக்கும் எழுத்தைக் கையடக்க அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் தெரிந்த நாளில்தான் புதியவருக்கு ஆபத்து தொடங்குகிறது. கையில் பூதக்கண்ணாடி வந்துவிட்டதால், பாத்திரத்தைக் கவிழ்த்து முத்திரையைப் படித்துவிட்டு, அப்படியே கீழே வைத்துவிடுகிறார்.

குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட ஊரில், இந்த உலோகம் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கொண்டதாக இருந்தது என்பதற்கு மட்டுமே முத்திரை சாட்சி. மறுநாள் முதல் இன்றுவரை அந்தப் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி அது வாய் திறக்காது.

சென்ற குளிர்காலத்தில் ஓர் இளைஞர், தாம் வாங்கிய மூக்குக் கெண்டி ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். லண்டன் முத்திரை, 1750களின் ஆண்டெழுத்து, நான்கு குத்துகளும் கூர்மையாக இருந்தன. இரண்டாம் ஜார்ஜ் காலத்துக் கெண்டி என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. வெள்ளியின் மேல் மெல்ல மூச்சை ஊதிப் பார்க்கச் சொன்னேன். ஆவி படர்ந்து விலகும் அந்தச் சில நொடிகளில், மூக்கு உடலோடு சேரும் இடத்தைச் சுற்றிப் பற்றவைத்த கோடு மங்கிய சாம்பல் நிறத்தில் தெரிந்தது. உள்ளே விரலை விட்டால், மூக்குக்குப் பின்னால் துளையிட்ட விளிம்பு பிசிறு தட்டியது. உடல் முழுவதும் படர்ந்திருந்த பூவேலை, முத்திரைகளுக்கு அருகில் வந்ததும் சட்டென்று வளைந்து விலகிச் சென்றது. பூவேலை பிறகு வந்தது என்பதற்கு அதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டாம். மூக்கின் மீதோ ஒரு முத்திரையும் இல்லை. மூடியுள்ள பெரிய பீர்க் குவளையாகப் பிறந்த பொருள் அது. விக்டோரியா காலத்தில் யாரோ ஒருவர் அதற்கு மூக்கு வைத்து, பூவும் கொடியும் அடித்து, விருந்து மேசைக்கு ஏற்ற கெண்டியாக்கிவிட்டார்.

இதில் போவது விலை மட்டுமல்ல. பழைய வெள்ளியின் வடிவத்தை மாற்றியோ புதிய பகுதி சேர்த்தோ, அதை மீண்டும் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பாமல் வணிகர் விற்பது 1973ஆம் ஆண்டின் ஹால்மார்க் சட்டப்படி குற்றம். அதாவது, அந்தக் கெண்டியை அவர் முறையாக விற்கவேண்டுமானால் முதலில் சேர்க்கப்பட்ட பகுதிக்குத் தனி முத்திரை பெறவேண்டும்; பெற்ற பிறகு, கலப்பான பொருள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏலப்பட்டியலில் ‘பிற்காலப் பூவேலையுடன்’ என்று இரண்டு சொல் சிறிய எழுத்தில் இருந்ததாம். அந்த இளைஞர் அதைப் படித்திருந்தும் பொருட்படுத்தவில்லை.

பட்டியல் எழுதுகிறவர்கள் மீது எனக்குள்ள எரிச்சல் இதில்தான் கூடுகிறது. மாற்றியமைத்த பொருளை மாற்றியமைத்தது என்று முதல் வரியில் எழுத என்ன தடை? ‘பெர்ரி கரண்டி’ என்ற அழகான பெயரில் இன்றும் விற்கப்படுபவை பெரும்பாலும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வடித்த எளிய உணவுக் கரண்டிகளின் கிண்ணத்தில், விக்டோரியா காலத்தவர் பழங்களைப் புடைத்து முலாம் பூசிய வேலைதான். நல்ல கரண்டியைக் கெடுத்து, கெடுத்ததற்காகவே கூடுதல் விலை வாங்குகிற இந்த வழக்கத்துக்குப் புதியவர்கள்தான் தீனி.

இன்னொரு பழைய தந்திரமும் உண்டு. பிரிட்டனில் 1720 முதல் 1758 வரை வெள்ளிச் சாமானுக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தது. வரிக்கு அஞ்சிய சில தட்டார்கள், சிறிய பொருள் ஒன்றுக்கு முத்திரை பெற்று, அந்த முத்திரைத் துண்டை வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தின் அடியில் பதித்துவிட்டார்கள். அடித்தட்டில் முத்திரைகள் எல்லாம் ஒரு சிறு வட்டத்துக்குள் நெருங்கிக் கிடந்தால், அங்கேயும் மூச்சை ஊதிப் பாருங்கள். பழைய குலச்சின்னத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடம் மெலிந்திருக்கும். கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினாலே நெளியும்.

ஸ்காட்லாந்துச் சிற்றூர் வெள்ளியில் இந்தத் தவறுக்கு விலை இன்னும் அதிகம். பரிசோதனைச் சாலை இல்லாத ஊர்களின் கைவினைஞர்கள் தாங்களே ஊர்ச் சின்னம் குத்திக்கொண்டார்கள்: இன்வர்னஸுக்கு ஒட்டகம், டண்டீக்கு அல்லிப்பூச் சாடி, பெர்த்துக்கு இரட்டைத் தலைக் கழுகு. அந்த ஊர்களின் கரண்டி, எடின்பரோ கரண்டியைப்போலப் பல மடங்கு விலை போகும் என்பதால், பழைய கரண்டியில் புதுக் குத்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கரண்டியின் முனை தேய்ந்து மழுங்கியிருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல் கூராக இருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

முத்திரையே கதி என்றிருப்பவர்கள் நல்ல பொருளைத் தவறவிடுவதும் உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் ‘சுவாமி’ வெள்ளி, தெய்வ உருவங்கள் புடைத்த தேநீர்ச் செட்டுகளாக இங்குள்ள ஏலங்களுக்கு வருவதுண்டு. இந்தியாவில் அன்று பிரிட்டிஷ் முறையிலான பரிசோதனைச் சாலை இல்லாததால், அவற்றில் எடின்பரோவின் கோட்டையும் கிடையாது, இங்கிலாந்து வெள்ளிக்குரிய சிங்கமும் கிடையாது. செய்தவரின் பெயர்க்குறி மட்டும் இருக்கும். அதைப் பார்த்து, முலாம் பூசிய பித்தளை என்று ஒதுக்கிவிட்டு நகர்ந்தவர்களை நேரில் கண்டிருக்கிறேன்.

எடை

அடியில் அரக்கும் பிளாஸ்டரும் நிரப்பிய மெழுகுவர்த்தித் தாங்கியை எடைபோட்டு வெள்ளி விலை கட்டாதீர்கள்.

வீம்ஸ் பன்றியின் காது

ஃபைஃப் பகுதியின் கிர்க்கால்டியில், ராபர்ட் ஹெரன் நிறுவனத்துக்காக பொஹீமியாவிலிருந்து வந்த கரல் நெகோலா தீட்டத் தொடங்கிய வீம்ஸ் மட்பாண்டத்துக்கு இன்றும் பெரிய மவுசு. ரோஜாவும் செர்ரியும் தீட்டிய சாடிகள், உட்கார்ந்த பன்றிகள், சிரிக்கும் பூனைகள் எல்லாம் குறைந்த வெப்பத்தில் சுட்ட மென்மையான மண்ணால் ஆனவை என்பதால், எளிதில் சிதைகின்றன. பன்றியின் காது முனையும், பூனையின் காதும், சாடியின் விளிம்பும்தான் முதலில் உடையும். சீரமைப்பவர் கைதேர்ந்தவராக இருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சிறு புற ஊதா விளக்கைக் கொண்டுபோய், இருட்டான மூலையில் பார்த்தால், புதுப் பூச்சு வேறு நிறத்தில் ஒளிரும். உடைந்த இடத்தைவிட அகலமாகவே பூச்சு பரவியிருக்கும் என்பதால், எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும். காதைப் பல்லின் நுனியில் மெல்லத் தட்டிப் பார்ப்பவர்களும் உண்டு: கண்ணாடிப் பூச்சு கடினமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், பிசின் மந்தமாகத் தொடும்.

பெயரிலும் கவனம் வேண்டும். 1930 வாக்கில் ஃபைஃப் ஆலை மூடிய பிறகு, உரிமை டெவனின் போவி ட்ரேசிக்குப் போயிற்று. நெகோலாவின் மகன் ஜோ அங்கே தொடர்ந்து தீட்டினார். ‘ப்ளிக்டா’ என்ற பெயருடன் வருபவை அந்தக் காலத்தவை. 1985இல் சீரஸ் என்ற ஊரில் புதிய வீம்ஸ் உருவாகத் தொடங்கியது. எல்லாமே நேர்மையான பொருள்கள்தான், ஆனால் ஒன்றுக்கு உரிய விலையை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டு வருத்தப்படுவதில் பயன் இல்லை.

சுத்தியல் விலையைக் கடைசி விலையாக எண்ணுவது

வாங்குபவர் கட்டணம் பல ஏலக்கூடங்களில் 25 விழுக்காடு அல்லது அதற்கு மேல். அந்தக் கட்டணத்தின் மீது 20 விழுக்காடு வாட் வரி. 1,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தால் கையை விட்டுப் போவது 1,300. இணையதளம் வழியாகக் கேட்டிருந்தால் அதற்கும் தனியாகப் பிடிப்பார்கள். ஓவியமாக இருந்து, ஓவியர் உயிரோடிருந்தாலோ இறந்து 70 ஆண்டு ஆகாமலிருந்தாலோ, 1,000 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு, ஓவியருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ போகும் மறுவிற்பனை உரிமைத் தொகையும் சேரும். 50,000 வரை அது 4 விழுக்காடு. அதைப் பெரும்பாலான கூடங்கள் வாங்குபவரிடமே வசூலிக்கின்றன.

ஒரே ஒரு விலையை அளவுகோலாக்குவது

2004இல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜாக் வெட்ரியானோவின் ‘பாடும் பட்லர்’ என்ற ஓவியம் ஏலத்தில் 7,44,800 பவுண்டுக்குப் போனது. அதைச் சொல்லித்தான் இன்றும் பலர் ஸ்காட்லாந்து ஓவியம் வாங்கத் தொடங்குகிறார்கள். அது ஒரு நாளின் ஒரு விலை. காட்சிக்கூடத்தில் வாங்கிய சமகால ஓவியத்துக்கு ஏலத்தில் அந்தப் பணம் திரும்பி வராமல் போவதே பெரும்பாலும் நடப்பு. ஜோன் ஈர்ட்லி, ஜான் பெல்லனி போன்ற ஓவியர்களுக்கு நிலையான போட்டி உண்டு என்றாலும், கேட்டர்லைன் கிராமத்துக் கடலைத் தீட்டிய ஈர்ட்லிக்கும், பென்சிலால் விரைவாகக் கிறுக்கிய ஈர்ட்லிக்கும் விலையில் எவ்வளவோ தூரம். எலிசபெத் பிளாக்கேடரின் பூனைகளையும் ஐரிஸ் பூக்களையும் கண்டு மயங்குமுன், அது நீர்வண்ண ஓவியமா, எண்ணிட்டுக் கையெழுத்திட்ட அச்சுப்பிரதியா என்று, எதில் தீட்டியது அல்லது அச்சிட்டது எனச் சொல்லும் பட்டியல் வரியில் பாருங்கள். இரண்டிலும் ஒரே கைதான் கையெழுத்திட்டிருக்கும்.

பட்டியலில் ஓவியரின் முழுப்பெயர் இருந்தால், அது அவருடையது என்பது ஏலக்கூடத்தின் கருத்து. ‘அவருடையதாகக் கருதப்படுவது’, ‘அவருடைய வட்டம்’, ‘அவரைப் பின்பற்றி’ என்று படிப்படியாக அந்த உறுதி இறங்குகிறது. விலையும் கூடவே இறங்க வேண்டும்.

பின்பக்கம்

ஓவியத்தைத் திருப்பிப் பாருங்கள். ராயல் ஸ்காட்டிஷ் அகாதெமியின் கண்காட்சிச் சீட்டோ, எடின்பரோவின் பழைய காட்சிக்கூடம் ஒட்டிய தாளோ பின்பலகையில் இருந்தால், அந்தப் படத்தின் பயணம் அங்கே எழுதியிருக்கிறது. வாங்கியதும் சட்டகம் பழசாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டு, கடைக்காரர் பின்பலகையைக் குப்பையில் போட்ட பிறகு அந்தச் சீட்டைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டகம் மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய பலகையை உறையில் போட்டுப் படத்தோடு தரும்படி முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.