ரோட்டரி என்ஜினுக்கு இன்டேக் மேனிஃபோல்ட்: நெல்லைப் பட்டறையிலேயே செய்து முடிக்க

வீட்டில் விமானம் கட்டுகிறவர்களில் சிலர் மாஸ்டா 13பி ரோட்டரி என்ஜினைத் தேடிப் போவதற்குக் காரணம் எளிது. வால்வு இல்லை, பிஸ்டன் இல்லை, அசையும் பாகங்கள் குறைவு. ஆனால் காரிலிருந்து கழற்றிய இன்டேக் மேனிஃபோல்ட், அதாவது என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி, பெரும்பாலும் கவ்லிங்குக்குள் (என்ஜினை மூடும் உறை) அடங்காது, எடையும் கூடுதல், அதனால் அதை மட்டும் நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கும். பேட்டை தொழிற்பேட்டை பக்கம் ஒரு நல்ல லேத் பட்டறையும், அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் அடித்துப் பழகிய ஒரு அண்ணாச்சியும் கிடைத்துவிட்டால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வேலையில் எச்பி கூட்டுவது இரண்டாம் பட்சம். விரிசல் விடக்கூடாது, கசியக்கூடாது, உள்ளே எதுவும் உதிரக்கூடாது.

நான்கு போர்ட் (காற்று உள்ளே நுழையும் வாய்) உள்ள 13பி-யை வைத்தே சொல்கிறேன். முன் தட்டில் ஒன்று, நடுத் தட்டில் இரண்டு, பின் தட்டில் ஒன்று என்று மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளில் போர்ட்டுகள் இருக்கும். இடையில் 80 மில்லி அகலத்தில் அலுமினிய ரோட்டர் ஹவுசிங் இரண்டு. அதாவது மேனிஃபோல்டை என்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கும் தட்டான உங்கள் ஃபிளாஞ்ச் ஒரே கட்டியான முகத்தில் உட்காரவில்லை, அடுக்கி இறுக்கிய துண்டுகளின் மேல் உட்காருகிறது. அதனால் ஒரு நேர்விளிம்பை வைத்து மூன்று முகமும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கேஸ்கெட் பேப்பரை மேலே விரித்து, சுத்தியலின் உருண்டை முனையால் ஓரங்களில் மெதுவாகத் தட்டினால் போர்ட்டும் துளையும் அப்படியே பதிந்துவிடும். நெட்டில் கிடைக்கும் படத்தை நம்பி வெட்டுவதைவிட இது மேல்.

ஃபிளாஞ்சுக்கு 10 அல்லது 12 மில்லி 6061 ரக அலுமினியத் தகடு. எடை குறையட்டும் என்று 6 மில்லியில் செய்தால் வெல்டிங் சூட்டிலேயே வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். போல்ட் துளைகளை அரை மில்லி பெரிதாகவே விடுங்கள். இரும்பும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், இறுக்கமான துளை என்றால் அந்த இழுப்பு முழுக்க வெல்டில்தான் போய் நிற்கும்.

குழாய்க்கு 3 மில்லி சுவர் இருக்கட்டும். 1.6 மில்லியிலும் செய்கிறார்கள், ஆனால் தடித்த ஃபிளாஞ்சோடு மெல்லிய குழாயை ஒட்டவைக்க மிகத் தேர்ந்த கை வேண்டும். 6061-டி6 குழாயை அப்படியே வளைக்கப் பார்த்தால் பிளக்கும். முன்பே வளைத்து வரும் பெண்டை வாங்கித் துண்டு போட்டுச் சேர்ப்பது நல்லது. கையால்தான் வளைப்பேன் என்றால், பார் சோப்பை மேலே தேய்த்து, அது கறுக்கும் வரை சூடாக்கி ஆறவிட்டு, காய்ந்த மணலை உள்ளே இறுக நிரப்பி வளையுங்கள்.

நீளம் எவ்வளவு? போர்ட் திறக்கும்போது கிளம்பும் அழுத்த அலை பிளீனம் (குழாய்கள் எல்லாம் வந்து சேரும் காற்றறை) வரை போய்த் திரும்பும். 40 டிகிரிக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 355 மீட்டர். 50 சென்டிமீட்டர் குழாயில் போய்வர 2.8 மில்லி நொடி, 6000 ஆர்பிஎம்மில் அதற்குள் ஷாஃப்ட் 100 டிகிரி சுற்றியிருக்கும். அலை திரும்பி வரும் நேரம் போர்ட் மூடுவதற்குச் சற்று முன்பாக அமைந்தால் லாபம். 1991-ல் லெ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி ஓட ஓட இந்த நீளத்தையே மாற்றிக்கொண்டது. ப்ரொப்பெல்லர் சுற்றும் என்ஜின் பெரும்பாலும் ஒரே ஆர்பிஎம்மில் நிற்பதால் நமக்கு அந்த வித்தை தேவையில்லை. நடுவில் ஒரு ஹோஸ் ஜாயின்ட் விட்டால் பிறகு வெட்டியோ கூட்டியோ பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு 65 மில்லி துளை போதும். 6000-ல் என்ஜின் நொடிக்கு இழுப்பது அதிகபட்சம் 130 லிட்டர் சொச்சம், அந்தத் துளையில் காற்று நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில்தான் போகும்.

இனி வெல்டிங். ஏசி கரண்ட், சுத்த ஆர்கான், 3 மில்லிக்கு 120 ஆம்பியர் அக்கம்பக்கம். ராடு, அதாவது உருக்கிச் சேர்க்கும் கம்பி, 4043 என்று கேட்டு வாங்குங்கள். 5356 பலமானதுதான், ஆனால் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூட்டில் இருந்தால் நாளடைவில் விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு, கவ்லிங்குக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றில் திறந்த கொட்டகையில் இந்த வேலையே ஆகாது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நமக்கு ஆர்கான் பறந்து வெல்ட் முழுக்க ஊசித்துளை. நாலு பக்கமும் மறைத்துவிட்டு அடியுங்கள். ஃபிளாஞ்சை ஒரு கனத்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, எல்லா இடத்திலும் டாக் (சின்னப் புள்ளி வெல்ட்) வைத்து, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். "தண்ணி ஊத்தி ஆத்திரலாம்லா தம்பி?" என்று கேட்பார்கள். "வேண்டாம் அண்ணாச்சி, அது தானா ஆறட்டும்" என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் தகட்டைக் கழற்றி, முகத்தை மில்லிங்கில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும்.

பெண்டை 3டி பிரின்டரில் அடித்துவிடலாமே என்று தோன்றும். 2025 மார்ச்சில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் விமான நிலையத்தில் இறங்க வந்த கோசி என்ற ரகச் சிறு விமானம் ஒன்று, பிரின்ட் செய்த பிளாஸ்டிக் இன்டேக் எல்போ சூட்டில் இளகி மடங்கியதால் என்ஜின் சக்தி இழந்து விழுந்தது. அந்தப் பிளாஸ்டிக் 55 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும் ரகம். அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த என்ஜினில் எக்ஸாஸ்ட் வேறு இன்டேக்குக்கு அடியிலேயே 900 டிகிரியைத் தாண்டி எரியும். நடுவே வெப்பத் தகடு கண்டிப்பாக வேண்டும்.

சிலிக்கான் ஹோஸ் மாட்டும் குழாய் முனையில் மேடு தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளாம்ப் வழுக்கும். சிலிக்கான் பெட்ரோலில் ஊறினால் உப்பும், ஆகவே இன்ஜெக்டர்கள் ஹோஸைத் தாண்டி போர்ட் பக்கமே இருக்கட்டும். த்ராட்டில் பாடியின் எடையைக் குழாய்கள் தாங்கக்கூடாது, என்ஜினிலிருந்தே ஒரு பிராக்கெட் கொடுங்கள். கார் த்ராட்டிலில் ஸ்பிரிங் மூடும் பக்கம் இழுக்கும். விமானத்தில் கேபிள் அறுந்தால் திறந்தே நிற்கட்டும் என்று அதைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பிளீனத்துக்குள் ஒரு திருகு, ஒரு நட் கூட வேண்டாம். கழன்று உள்ளே போனால் ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் காலி.

கடைசியில் போர்ட்டுகளை அடைத்து, சைக்கிள் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, 5 பிஎஸ்ஐ காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்த இடத்தைச் சீலன்ட் பூசி மறைக்காமல், தோண்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்ட் அடிக்க வேண்டும். பிறகு உள்ளே வெந்நீர் ஊற்றிக் கழுவி, விரல் விட்டுத் தடவி, பிசிறு ஒன்றுகூட இல்லை என்று ஆனதும் மாட்டலாம். விமானம் நகராதபடி இழுத்துக் கட்டிவிட்டு, என்ஜினைத் தரையிலேயே சில மணி நேரம் ஓட்டி, ஃபிளாஞ்ச் ஓர வெல்டுகளை டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) தெளித்துச் சோதியுங்கள். பறப்பதற்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி வேண்டும், அந்த ஃபைலுக்கு ராடு எண் முதல் சோதனைப் படம் வரை எல்லாவற்றையும் தேதி போட்டு இப்போதிருந்தே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.