கோக்கைத் திட்டுவதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

வார்ப்பட்டறையில் இரும்பை உருக்கும் குப்போலா உலையில் இரும்பு சூடு குறைந்து வந்தால் முதலில் திட்டு வாங்குவது கோக், அதாவது நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்தான். சாம்பல் ஜாஸ்தி, ஈரக் கோக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று. இருக்கலாம். ஆனால் 1 கிலோ கார்பன் முழுதாக எரிய ஏறக்குறைய 11.5 கிலோ காற்று வேண்டும், கணக்குப் போட்டால் 1 டன் இரும்பை உருக்கக் கிட்டத்தட்ட 1 டன் காற்று உள்ளே போகிறது. கோக்கை எடை போட்டு வாங்குகிற நாம் காற்றை மட்டும் கண்மதிப்பில் விட்டுவிடுகிறோம்.

அதிகம் நடக்கும் தவறு, உலையைச் சுற்றிக் காற்றைப் பிரித்துவிடும் பெட்டியான விண்ட் பாக்ஸில் இருக்கும் பிரஷர் கேஜை மட்டும் நம்புவது. காற்று உலைக்குள் நுழையும் துளையான டூயரின் வாயில் கசடு உறைந்து அடைத்துக்கொண்டாலும் முள் மேலேதான் ஏறும். தண்ணீர் வரும் ஹோஸின் வாயை விரலால் பாதி அடைத்துப் பாருங்கள், பீய்ச்சி அடிக்கும், குடம் மட்டும் நிறையாது. அழுத்தம் வேறு, அளவு வேறு. புளோயர் குழாயில் காற்றின் அளவைக் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

சரி, அப்படியானால் வால்வை முழுதாகத் திறந்துவிடலாமே என்றால் அதுவும் தப்பு. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், அது சும்மா சூடேறிப் புகைபோக்கி வழியாகப் போய்விடும். தேவைக்கு மேல் ஊதினால் கோக் படுகை குளிரும், சிலிக்கானும் மாங்கனீசும் எரிந்து கசடோடு போகும்.

மழைக்காலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்றின் ஈரம் கோக்கோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாக மாறும்போது வெப்பத்தை விழுங்கிவிடும். இதற்காகவே 1904-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் ஜேம்ஸ் கெய்லி என்பவர் ஊதுலைக்குப் போகும் காற்றைக் குளிரூட்டி, ஈரத்தைப் பிரித்துவிட்டு அனுப்பினார்.

ஊதும் காற்றில் கூடுதலாக ஆக்சிஜன் சேர்க்கிறவர்கள் பேராசைப்பட வேண்டாம். காற்றில் இயல்பாக இருக்கும் 21 சதவீதம் ஆக்சிஜன் 23 அல்லது 24 ஆனாலே சூடு நன்றாகத் தெரியும். வால்விலோ குழாயிலோ எண்ணெய், கிரீஸ் கை படவே கூடாது, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். ஆக்சிஜன் லைனில் தீப்பிடித்தால் இரும்புக் குழாயே விறகு மாதிரி எரியும். சட்டையில் இருக்கும் தூசியை ஆக்சிஜனால் ஊதித் தட்டுவதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அப்புறம் கரண்ட் போகும் நேரம். புளோயர் நின்றதும் உலையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு பின்வாங்கி விண்ட் பாக்ஸில் நிறையும். வாசனை கிடையாது, அதனால் யாருக்கும் தெரியாது. கரண்ட் வந்த சந்தோஷத்தில் அப்படியே ஸ்விட்சைப் போட்டால் வெடிக்கலாம். புளோயர் நின்ற உடனே டூயர் மூடிகளைத் திறந்துவிடுங்கள், மறுபடி காற்று ஓடிச் சற்று நேரம் ஆன பிறகுதான் ஒவ்வொன்றாக மூட வேண்டும்.