பீரில் கவிச்சி உண்டா?
திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் மச்சான், லண்டன் கிளம்பும்போது கேட்டார்: “புரட்டாசி மாசமுங்க, பீர்ல கவிச்சி எதுவும் இருக்காதே?”

பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்குச் சேர்க்கும் பூ), ஈஸ்ட், தண்ணீர். இதில் கவிச்சி ஏது? சிக்கல் தெளியவைப்பதில்தான். இங்கிலாந்தில் பீப்பாயிலிருந்து ஊற்றும் ‘ஏல்’ வகை பீரின் கலங்கலைப் படியவைக்க ஐசிங்கிளாஸ் சேர்ப்பது பழைய வழக்கம். மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுப்பது அது. நம் பாட்டிமார் குடத்தில் தேத்தாங்கொட்டை உரசிய அதே வேலை, ஆனால் மீனை வைத்து! லேபிளில் பெரும்பாலும் போடமாட்டார்கள்.

1516-இல் வந்த பவேரியத் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும் என்றது (ஈஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை). அந்த வழியில் காய்ச்சும் ஜெர்மன் பீர் பெரும்பாலும் வீகன்காரர்களுக்கும் (பால்கூடத் தொடாதவர்கள்) சரி. மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் மட்டும் பால் சர்க்கரை உண்டு, அது வீகன்காரர்களுக்கு ஆகாது. பீப்பாய் ஏல் என்றால் ஊற்றுபவரிடமே கேட்டுவிடுங்கள்.